கிரைண்டரை விட்டுவிடுங்கள், தையல் மெஷினை ஏற்றுங்கள்

நியூ ஜெர்சியில் 26 வருடம் குப்பை கொட்டிவிட்டு 2013-ல் கோவைக்குத் திரும்பி வந்தவன் நான். ரிட்டையராகி ஊர் திரும்புகிறவர்களுக்குச் சாமான் பட்டியல் போட்டுக் கொடுப்பது அதற்கப்புறம் கிட்டத்தட்ட முழுநேர வேலையாகிவிட்டது. அடிக்கடி வரும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரிப்பேரானால் தெருமுனையில் ஆள் பார்த்துச் சரிசெய்யக்கூடிய பொருளை இங்கே வாங்குங்கள். உங்கள் கைக்கும் உடம்புக்கும் பழகிப்போன பொருளை அங்கிருந்து கொண்டு வாருங்கள்.

கேள்வி: எங்களிடம் 110 வோல்ட் டேபிள் டாப் கிரைண்டர், மிக்ஸி, மைக்ரோவேவ், 65 இன்ச் டிவி எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினால் எல்லாவற்றையும் ஓட்டலாம் என்கிறார் என் கணவர். சரிதானா? (டல்லாஸ் வாசகி)

பாதி சரி. டிரான்ஸ்ஃபார்மர் நம்முடைய 230 வோல்ட்டை 110 ஆக்கித் தரும். ஆனால் அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 துடிப்பு; இங்கே 50 ஹெர்ட்ஸ். அதை மாற்றுவது டிரான்ஸ்ஃபார்மரால் ஆகாத காரியம்.

மிக்ஸிக்குள் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். அதற்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலையில்லை, டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடும். கிரைண்டரில் பெரும்பாலும் பிரஷ் இல்லாத, ஹெர்ட்ஸைப் பொறுத்தே வேகம் அமைகிற இண்டக்‌ஷன் மோட்டார். அது 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து சுற்றும், சூடும் கூடுதலாக ஏறும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் உளுந்து பாதி அரைந்துகொண்டிருக்கும்போது கருகல் வாசனை வரும். மைக்ரோவேவுக்கும் இதே சிக்கல்தான். சில மாடல்களில் கடிகாரமே மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் ஓடுகிறது; அது இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும்.

இன்னொன்று. 750 வாட் மிக்ஸிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். சமையல் மேடையில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு உட்காரும். மேடை துடைக்க அதைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

உங்கள் கிரைண்டரைக் கவிழ்த்து எங்கே செய்தது என்று பாருங்கள். கோவை என்று போட்டிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. இங்கே செய்து அமெரிக்கா போனதைத் திருப்பிக் கப்பலேற்றி இங்கேயே கொண்டுவருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, தெரியுமல்லவா?

டிவியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்புட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப், போன் சார்ஜர்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வெறும் 120 அல்லது 110 என்றிருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கணவரிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்து வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களின் பின்பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள். ஒரு சாயங்கால வேலை.

கேள்வி: முதுகுவலிக்காக நிறையச் செலவு செய்து கிங் சைஸ் மெத்தை வாங்கினோம். அதையும் தோல் சோபாவையும் சென்னைக்குக் கொண்டுவரலாமா?

அமெரிக்க கிங் மெத்தை 76-க்கு 80 அங்குலம். இங்கே கடையில் கிங் என்று விற்பது 72-க்கு 78 அல்லது 72-க்கு 72. மெத்தையை மட்டும் கொண்டுவந்தால் கட்டிலுக்கு வெளியே தொங்கும், இங்கே வாங்கும் விரிப்பும் நாலு மூலையில் மூன்றில்தான் நிற்கும். முதுகுக்கு அந்த மெத்தைதான் ஒத்துக்கொள்கிறது என்றால் ஏற்றுங்கள், கூடவே நாலு செட் விரிப்பும் கொண்டுவாருங்கள். கட்டிலை இங்கே ஆசாரியிடம் 76-க்கு 80 என்று அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். நமக்கு வாய்த்த வசதி அது. அமெரிக்காவில் நம் அளவுக்குக் கட்டில் செய்ய ஆள் தேடினால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

சோபா வேண்டாம். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாதம் பேரக்குழந்தைகளைப் பார்க்கப் போய் வந்தால் சென்னையின் ஈரக்காற்றில் தோலெல்லாம் பூஞ்சை பூத்திருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த அலமாரிகளும் அப்படித்தான், ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும்.

கேள்வி: கன்டெய்னரில் வரும் சாமானுக்குக் கஸ்டம்ஸில் வரி கிடையாது என்கிறார்கள். உண்மையா?

முழு உண்மை இல்லை. நிரந்தரமாகக் குடிபெயர்ந்து வருபவர்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் அதற்கு வரம்பும் உண்டு, அந்த வரம்பு அவ்வப்போது மாறவும் செய்யும். பெட்டி கட்டுவதற்கு முன் அன்றைய விதியைக் கஸ்டம்ஸ் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்பதோடு, திரும்புவதற்கு முன் இந்தியாவில் எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். மார்கழிக் கச்சேரி, தைப்பொங்கல், வீடு கட்டும் மேற்பார்வை என்று கடைசி இரண்டு வருடத்தில் மாதக்கணக்காக இங்கே தங்கியிருந்தால் சலுகை அடிபடலாம். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்து நாட்களைக் கூட்டிப் பாருங்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. 2013-ல் பதினாலு பெட்டிகளில் ‘சமையல் சாமான், இதர’ என்று மொட்டையாக எழுதிவிட்டேன். பட்டியல் தெளிவாக இல்லையென்று பதினாலையும் திறந்து பார்த்தார்கள். அதோடு விட்டதா? சரக்கை எடுக்க ஒரிஜினல் பாஸ்போர்ட் வேண்டும், அதையோ நான் வேறொரு வேலைக்காகக் கொடுத்து வைத்திருந்தேன். அது திரும்பி வரும்வரை துறைமுகத்தில் நாள் வாடகை ஏறிக்கொண்டே போனது. கட்டிய பணத்தில் இங்கே ஒரு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவார். ஆகவே பெட்டிக்கு எண் போடுங்கள். உள்ளே இருப்பதை ‘எவர்சில்வர் பாத்திரம் 12, பழையது’ என்கிற அளவுக்கு எழுதுங்கள். கல்யாணச் சான்றிதழ், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை, பிறப்புச் சான்றிதழ், பென்ஷன் தாள்கள் எதுவும் கப்பலில் வரக்கூடாது, கைப்பெட்டியில்தான் வர வேண்டும்.

ஆசையாக வாங்கிய டிரோன், இ-சிகரெட் இரண்டையும் கொண்டுவரவே கூடாது, இறக்குமதிக்கே தடை. சாட்டிலைட் போனை அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வம்பு.

கேள்வி: இரண்டு வருடம் ஓட்டிய காரைக் கொண்டுவரலாமா?

அமெரிக்கக் கார் என்றால் கூடாது. ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள பழைய காருக்கு இங்கே அனுமதி இல்லை. வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள நாடுகளிலிருந்து கொண்டுவருவதானாலும் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கார் கூடாது, அதற்கும் வரி கண்ணைக் கட்டும். விற்றுவிடுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை, தைராய்டு, ஆஸ்துமா மூன்றும் உண்டு. தூங்கும்போது மூச்சு தடைபடாமல் காற்றைச் செலுத்தும் சிபாப் மெஷினும் தேவை. ஒரு வருட மருந்தை வாங்கிக்கொண்டு வரட்டுமா?

ஒரு வருடம் எதற்கு? மூன்று மாத மருந்தும் டாக்டர் சீட்டும் கைப்பையில் இருந்தால் போதும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு மருந்தின் பிராண்ட் பெயரை அடித்துவிட்டு மூலப்பெயரை எழுதிக் கொண்டுவருவது. பிராண்ட் பெயர் இங்கே மாறிவிடும், சில சமயம் மூலப்பெயரே மாறும். அமெரிக்கச் சீட்டில் ‘ஆல்பியூட்டரால்’ என்றிருப்பது இங்கே ‘சால்பியூட்டமால்’. அங்கே ‘அசிட்டமினோஃபென்’, இங்கே நம் பாராசிட்டமால். மருந்துக் கடைப் பையனிடம் அமெரிக்கப் பெயரைச் சொன்னால் இல்லை என்றுதான் சொல்வான், மருந்து அவன் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கியிருக்கும். புதிதாக வந்த, விலை கூடிய ஊசி மருந்து ஏதாவது போட்டுக்கொள்கிறீர்கள் என்றால் அது இங்கே கிடைக்குமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே இங்குள்ள டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சிபாப் மெஷினைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஓடும். முகத்துக்குப் பழகிய மாஸ்க் இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்றாலும் ஓட இன்வெர்ட்டர் லைனில் மாட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், இந்தியாவில் நடக்கும் வைத்தியத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. இங்கே எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024-ல் அதிகபட்சம் 36 மாதம் என்று குறைக்கப்பட்டது. அந்த மாதங்கள் பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் ஓடும். சோபா வாங்குவதற்கு முன் அதை முடியுங்கள். பழைய மருத்துவப் பதிவுகள் எல்லாவற்றையும் பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

கேள்வி: போனை இங்கே வாங்கட்டுமா, அங்கேயா?

போன் எதுவானாலும் சரி, நம்பரைக் கொண்டுவர வேண்டும். அமெரிக்க நம்பரை ரத்து செய்துவிட்டு வந்தவர்களின் வங்கிக் கணக்கு ஓடிபி இல்லாமல் பூட்டிக்கொள்கிறது. மலிவான திட்டம் ஒன்றுக்கு மாற்றி உயிரோடு வைத்திருங்கள். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் போடும் துளையே கிடையாது, இங்கே இ-சிம்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: டொராண்டோவிலிருந்து யாழ்ப்பாணம் திரும்புகிறோம். வாஷரும் ட்ரையரும் புதிசு. ட்ரையர் 240 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கிறது, அங்கே அப்படியே வேலை செய்யுமா?

செய்யாது. நல்ல கேள்வி, ஏனென்றால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். கனடாவின் 240 என்பது இரண்டு 120 கம்பிகள் சேர்ந்தது. ட்ரையரில் சூடேற்றும் கம்பி மட்டுமே 240-ல் ஓடும். மோட்டாருக்கு 120 தேவை. இலங்கையின் 230 ஒற்றைக் கம்பியில் வருவது, 50 ஹெர்ட்ஸும்கூட. யாழ்ப்பாண வெயிலில் ட்ரையர் எதற்கு என்ற கேள்வியை உங்கள் மரியாதைக்காக விட்டுவிடுகிறேன். குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, கேத்தலில் வெள்ளையாகப் படியும். எந்த மெஷின் வாங்கினாலும் அந்தத் தண்ணீருக்கு ஈடுகொடுக்குமா என்று அங்கேயே விசாரித்து வாங்குங்கள்.

கேள்வி: என் மனைவியின் தையல் மெஷின் 30 வருடப் பழசு. இந்தியாவில் புதிது மலிவாகக் கிடைக்கும், விட்டுவிடலாம் என்கிறேன். அவர் கேட்கவில்லை.

அவர் சொல்வதுதான் சரி. அந்தக் காலத்து மேசை மெஷின்களில் மிக்ஸியைப் போலவே பிரஷ் மோட்டார்தான், சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் அழகாக ஓடும். வாட் எவ்வளவு என்பது மெஷினிலேயே எழுதியிருக்கும், அதைப்போல இரண்டு மடங்கு பார்த்து வாங்குங்கள். உள்ளே எரியும் பல்பு மட்டும் 120 வோல்ட், அதில் இரண்டு உதிரி எடுத்து வையுங்கள். ஊசியும் நூலும் இங்கேயே கிடைக்கும். பெடலை மெஷினோடு ஒரே பெட்டியில் கட்டுங்கள். எங்கள் வீட்டில் பெடல் தனியாகப் போய், மூன்று மாதம் கழித்து ஸ்வெட்டர் பெட்டியில் கிடைத்தது. கோவை வெயிலில் அந்தப் பெட்டியைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை.