2021-ல் வாங்கிய போன் ஸ்லோ ஆகிவிட்டது, 25,000 ரூபாயில் புது மிட் ரேஞ்ச் போனுக்கு மாறலாமா?

நீங்கள் கொடுத்த விவரம் இவ்வளவுதான்: கையில் ரெட்மி நோட் 10 ப்ரோ, 6 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ். சாயங்காலம் வரை சார்ஜ் நிற்பதில்லை. எந்த ஆப்பைத் தொட்டாலும் யோசித்து யோசித்துத் திறக்கிறது. நத்திங் போன் 3ஏ மேல் ஒரு கண். பட்ஜெட் 25 ஆயிரம்.

வாங்கலாம். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு காரணமும் அதற்குப் போதாது. நீங்கள் சொல்லாமல் விட்ட மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது போதும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். புது போன் விற்பதில்லை. 'பழசையே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் லாபம் எனக்குத்தான். அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

முதலில் பேட்டரி. லித்தியம் பேட்டரி பொதுவாக 500 முறை முழுசாக ஏறி இறங்கினால் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு வந்துவிடும். தினமும் ஒரு சார்ஜ் என்றால் ஒன்றரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் போன் அதைத் தாண்டி எவ்வளவோ காலம் ஆகிறது. உங்கள் 5020 எம்ஏஎச் பேட்டரி இப்போது பெயருக்குத்தான் 5020. 20 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்தால் சந்தேகமே வேண்டாம், பேட்டரி போய்விட்டது. பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு, ஓரத்தில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றைக்கே மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஒரிஜினல் பேட்டரி கூலியோடு சுமார் இரண்டாயிரத்துக்குள் முடியும். பாதிக் கொள்ளளவுகூட இல்லாத டூப்ளிகேட்டை ஐந்நூறுக்குப் போட்டுவிடுபவர்களும் உண்டு, உஷார்.

இதில் ஒரு கிளைக்கதை. 'சார்ஜே ஏறலை, புதுசு வாங்கப் போறேன்' என்று வருகிறவர்களில் பாதிப் பேரின் சார்ஜிங் போர்ட்டுக்குள் பேன்ட் பாக்கெட் பஞ்சு அழுத்தி அழுத்தி இறுகிப்போய்க் கிடக்கும். மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி எடுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருண்டை வரும். கேபிள் 'டக்'கென்று உட்காரும். வேலை முடிந்தது. காசு வாங்கவே கூச்சமாக இருக்கும்.

அடுத்து ஸ்லோ. உங்கள் போனின் ப்ராசசர் ஸ்னாப்டிராகன் 732ஜி பழசுதான், ஆனால் வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே திறக்க அது திணற வேண்டிய அவசியமில்லை. ஸ்டோரேஜ் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். 128-ல் 120-ஐத் தாண்டியிருந்தால் எந்த போனும் நொண்டும். புதிதாக எழுத இடம் வேண்டுமென்றால் உள்ளே பழையதை நகர்த்தி, அழித்து, பிறகுதான் எழுத வேண்டும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் மேனேஜ் ஸ்டோரேஜ் போய்ப் பாருங்கள். குடும்பக் குரூப்பின் குட் மார்னிங் வீடியோக்களே பல ஜிபி தேறும். போட்டோக்களை மெமரி கார்டுக்கு மாற்றுங்கள், உங்கள் போனில் அதற்குத் தனி ஸ்லாட் இருக்கிறது. நீங்கள் ஆசைப்படும் 3ஏ-வில் அது கிடையாது. ஹெட்போன் ஜாக்கும் கிடையாது, பெட்டிக்குள் சார்ஜரும் கிடையாது. ஸ்க்ரீன்? உங்களிடம் இருப்பதும் 120 ஹெர்ட்ஸ் அமோலெட், 3ஏ-வில் இருப்பதும் 120 ஹெர்ட்ஸ் அமோலெட். வாங்கிய பத்தாம் நாள் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

அப்புறம் எதற்கு வாங்கச் சொல்கிறேன்? செட்டிங்ஸில் அபவுட் போன் போய் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். உங்கள் மாடல் ஆண்ட்ராய்டு 11-ல் வந்து 13-ல் நின்றுவிட்டது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு கூகுள் மாதாமாதம் ஒட்டு போடுகிறது, ஆனால் கம்பெனி அதை உங்கள் மாடலுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே கிடக்கும். சம்பளம் வரும் அக்கவுன்ட், யுபிஐ, ஓடிபி வரும் சிம் மூன்றும் அந்த ஒரே போனில் இருந்தால் அதை நான் வைத்திருக்க மாட்டேன். பாட்டுக் கேட்க, படம் பார்க்க மட்டும் என்றால் பேட்டரியை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டலாம்.

அதனால் புது போனில் முதலில் பார்க்க வேண்டியது, அப்டேட் எத்தனை வருஷம் என்பது. மெகாபிக்சல் எல்லாம் அப்புறம்தான். 2025 மார்ச்சில் வந்த 3ஏ-வுக்கு 3 ஆண்டு ஆண்ட்ராய்டு அப்டேட், 6 ஆண்டு செக்யூரிட்டி அப்டேட். அதே மாதம் வந்த கேலக்ஸி ஏ36-க்கு இரண்டுமே 6 ஆண்டு, ஆனால் வெளியானபோது விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டியிருந்தது. இந்த ஆண்டுக்கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. ஆஃபரில் கிடைக்கிறதென்று இரண்டு வருஷப் பழைய மாடலை எடுத்தால் இரண்டு வருஷ அப்டேட் அங்கேயே போச்சு.

5ஜி-க்காக என்றால் அவசரம் வேண்டாம். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியபோது ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் அன்லிமிடெட் 5ஜி என்பது தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேலான பிளான்களுக்குத்தான் என்று ஆனது. வீட்டில் ஃபைபர், வெளியே 1.5 ஜிபி பிளான் என்று இருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பெயரை நம்பி விலை உயர்ந்த மாடலுக்குத் தாவாதீர்கள். வட்டி அளவுக்குத் தள்ளுபடி காட்டி ஈடுகட்டுவார்கள், ஆனால் கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, பிராசஸிங் ஃபீஸ் இரண்டும் உங்கள் தலையில்தான். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கிவிட்டால் பழையதை அன்றே எக்ஸ்சேஞ்சில் தள்ளாதீர்கள். சிம்மைப் புது போனில் போட்டு, யுபிஐ ஆப் எஸ்எம்எஸ் அனுப்பி உறுதிசெய்து, வாட்ஸ்அப் பேக்கப் இறங்கி, பேங்க் ஆப் எல்லாம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழையதில் கூகுள் அக்கவுன்டை நீக்கி, அதற்கப்புறம் ரீசெட் போடுங்கள்.