மருத்துவர் பதில்: பின்னேரத் தேத்தண்ணியும் பிடிக்கவில்லை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63, கோண்டாவில். பின்னேரம் முற்றத்தில் கதிரை போட்டு, பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணி குடிப்பதுதான் என் சந்தோஷம். நாலைந்து மாதமாக அதிலும் ஒன்றுமில்லை. வளவில் கறுத்தக்கொழும்பான் மா நன்றாகக் காய்த்தது. ஒன்றைக்கூட வெட்டிப் பார்க்காமல் அயலுக்குக் கொடுத்துவிட்டேன். கனடாவில் இருக்கும் மகள், சின்னச் சின்ன விஷயங்களில் மகிழ்ச்சி தேடச் சொல்லி வீடியோக்கள் அனுப்புகிறா. பெயர்கள் மறக்கின்றன, விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு, இரவில் கைவிரல் விறைப்பு, வயிறு ஊதல். மனைவியின் நித்திரைக் குளிசையில் சில இரவுகளில் பாதி போடுகிறேன். மூளையில் சுரக்கும் டொபமின் என்ற இரசாயனம் குறைவு என்று இணையத்தில் வாசித்தேன். அதற்குக் குளிசை உண்டா? அல்லது அப்பாவுக்கு வந்த மறதி நோயா? சில நேரம், இருந்தென்ன போனாலென்ன என்றும் தோன்றுகிறது.

பதில்: மாஸ்டர், மறதி நோயில் பெரும்பாலும் வீட்டார்தான் முதலில் கவனித்துக் கூட்டிவருவார்கள், வந்தவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்பார். மறக்கிறது, மறக்கிறது என்று தானே வந்து நிற்பவரிடம் நாங்கள் மனச்சோர்வு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுவது உங்கள் வயதில் சாதாரணம். நித்திரைக் குளிசையும் மறதியைக் கூட்டும். சந்தேகம் தீர, கிளினிக்கில் சின்ன ஞாபகப் பரிசோதனை ஒன்றும் செய்வார்கள்.

இரவில் விறைத்து, உதறினால் போகும் விரல்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதுதான் காரணம். வயிற்று ஊதலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

என் கண் நின்றது மாம்பழத்தில். கறுத்தக்கொழும்பானை ஒரு துண்டாவது வாயில் போடாமல் கூடையோடு கொடுக்கிற யாழ்ப்பாணத்தாரை நான் அதிகம் கண்டதில்லை. பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய், விடியுமுன் முழிப்பும் வந்து, போனாலென்ன என்ற எண்ணமும் சேர்ந்தால் மனச்சோர்வு நோய் என்றுதான் சந்தேகிக்க வேண்டும். இரண்டு கிழமை இப்படி இருந்தாலே வைத்தியரைப் பார்க்கவேண்டும். நீங்கள் மாசக்கணக்கில் பொறுத்திருக்கிறீர்கள். மகளின் வீடியோக்களில் பிழை இல்லை. ஆனால் ரசிக்கும் சக்தியே நோயில் மங்கியிருக்கும்போது ரசிக்கச் சொன்னால், முடியவில்லையே என்ற குற்றவுணர்வுதான் மிஞ்சும்.

டொபமின் கதையை விடுங்கள். டொபமினைக் கூட்டும் குளிசைகள், கை நடுக்கம் வரும் பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குக் கொடுப்பவை. சந்தோஷம் வேண்டுமென்று விழுங்கினால் வாந்தியும், சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிவதும்தான் மிச்சம். மனைவியின் குளிசையில் இனிக் கை வைக்கவேண்டாம். ஒவ்வொரு இரவும் போட்டுப் பழகியிருந்தால் மட்டும் திடீரென நிறுத்தாமல், எப்படிக் குறைப்பதென்று வைத்தியரிடம் கேளுங்கள். அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை நீங்கள் பங்குபோடுவது எந்த ஊர் வைத்தியம்?

இந்தக் கிழமையே உங்கள் குடும்ப வைத்தியரிடம் போங்கள். தைரொயிட் குறைந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும், விற்றமின் பி12 குறைந்தாலும் இப்படிச் சோர்வு வரலாம்; அவற்றோடு சீனியையும் பார்ப்பார். பிறகு மனநலக் கிளினிக். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் இருக்கிறது, காசு தேவையில்லை. ஊர் பார்த்தால் என்ன சொல்லும் என்றா? மூட்டு நோவுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள், அதையும் நம்பும். மனச்சோர்வுக் குளிசை பலன்காட்ட இரண்டு முதல் ஆறு கிழமை எடுக்கும், நித்திரைக் குளிசைபோல அடிமையாக்காது. நாலாம் நாளே வேலைசெய்யவில்லை என்று வீசிவிடாதீர்கள். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

அதுவரை முற்றத்துக் கதிரையை விடவேண்டாம். மனம் வந்தால் போவேன் என்று இருந்தால் போகமாட்டீர்கள். இந்த நோயில் முதலில் செய்யவேண்டும், விருப்பம் பிந்தித்தான் வரும். நாலரை என்றால் நாலரைக்குப் போய் இருங்கள். பனங்கட்டியைக் கடியுங்கள், இனித்ததா என்று சோதிக்கவேண்டாம். அயலவர் யாராவது வந்தால் பத்து நிமிடம் கதையுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள்.

கடைசியாக எழுதிய அந்த வரியைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாக அது மாறினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அது தேசிய மனநல உதவி இணைப்பு. வீட்டிலுள்ள குளிசைகளையும் தோட்டத்துப் பூச்சி மருந்துகளையும் மனைவி பூட்டிவைக்கட்டும். கிளினிக்குக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வைத்தியரிடம் சொல்லாமல் விடுவதை அவர் சொல்வார்.