குளத்தடிக் கண்ணாடி

கேள்வி: 'சன்செட் பூல்வார்ட்' படத்தை எங்கள் வாசிகசாலையில் போடப்போகிறோம். நீச்சல்குளத்தில் மிதக்கும் பிணத்தைக் கீழிருந்து எப்படிப் பிடித்தார்கள்? – வாசகி, ஹட்டன்

பதில்: கமரா தண்ணீருக்குள் இறங்கவே இல்லை, தங்கச்சி. குளத்தின் அடியில் கண்ணாடியைப் போட்டு, அதில் விழுந்த பிம்பத்தை மேலிருந்தே எடுத்தார்கள். அதனால்தான் பிணமாக நடித்த வில்லியம் ஹோல்டனின் முகத்தோடு கரையில் நிற்கும் பொலிசாரும் தெரிகிறார்கள். தண்ணீர் அலைந்தால் பிம்பம் சிதறிவிடும்.

பில்லி வைல்டரின் இந்த 1950ஆம் ஆண்டுப் படத்தில் அதைவிட நெஞ்சைப் பிசைவது, கதாநாயகியான முன்னாள் நட்சத்திரம் நோர்மா தன் வீட்டில் போட்டுப் பார்க்கும் பழைய படம்தான். அது, நோர்மாவாக வரும் குளோரியா சுவான்சன் உண்மையிலேயே நடித்த 'குயின் கெல்லி'. அதை இயக்கிய எரிக் வொன் ஸ்ட்ரோஹைமே இங்கே வேலைக்காரராக புரொஜெக்டரை ஓட்டுகிறார்! நீங்கள் படம் போடும்போது வாசிகசாலை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள். வெளிச்சம் புகுந்தால் திரையில் கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும்.