பென்டிரைவ் தெரியவில்லை, வைஃபை வரவில்லை: சொந்தமாகக் கட்டிய கர்னல் பற்றிக் கேள்வி பதில்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைச் சொந்தமாக கம்பைல் செய்து (மூல நிரலிலிருந்து கட்டி), பூட் ஆனபிறகு ஏதாவது ஒரு கருவி வேலை செய்யாமல் போனவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இரண்டே வேண்டுகோள். எது போனாலும் பழைய கர்னலை அழிக்காதீர்கள். லேப்டாப்பின் பெயரைச் சொல்லாமல், சிப்பின் அடையாள எண்ணைச் சொல்லுங்கள்.

குரோம்பேட்டை: அக்கா, லோக்கல்மாட்கான்ஃபிக் கட்டளை போட்டு கம்பைல் பண்ணினேன். பூட் ஆகிறது, ஆனால் பென்டிரைவ் செருகினால் எதுவும் வரவில்லை. ஃபோனிலிருந்து நெட் எடுக்கவும் முடியவில்லை.

தம்பி, அந்தக் கட்டளை உன் கணினியில் என்னென்ன கருவி இருக்கிறது என்று தேடுவதில்லை. அந்த நிமிஷத்தில் எந்தெந்த மாட்யூல் (தேவைப்படும்போது கர்னலில் ஏறும் தனித் துண்டு) ஏறியிருக்கிறது என்று மட்டும் பார்க்கும், ஏறாத மாட்யூலை எல்லாம் அணைத்துவிடும். நீ கட்டளை கொடுத்தபோது பென்டிரைவ் மேஜை டிராயரில் கிடந்திருக்கும், அதனால் யூஎஸ்பி ஸ்டோரேஜ் போய்விட்டது. ஃபோனும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் யூஎஸ்பி டெதரிங்குக்குப் பெரும்பாலும் ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட் என்ற மாட்யூல் வேண்டும், ஃபோனைச் செருகி டெதரிங்கை ஆன் செய்தால்தான் அது ஏறும்.

பழைய கர்னலில் பூட் பண்ணு. பென்டிரைவ், பிரிண்டர், புளூடூத் ஹெட்செட், ஃபோன் என்று வீட்டில் இருப்பது எல்லாவற்றையும் செருகு. பென்டிரைவைச் செருகினால் மட்டும் போதாது, மவுண்ட் செய்து உள்ளே ஒரு ஃபைலைத் திற. அப்போதுதான் அதன் ஃபைல் சிஸ்டத்துக்கான விஃபேட்டோ எக்ஸ்ஃபேட்டோ ஏறும். அதன்பின் அதே கட்டளையைக் கொடு. டெதரிங்கை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே, வைஃபை போன அன்றைக்கு வெளியே போக அது ஒன்றுதான் வழி.

அம்பத்தூர்: மேடம், பூட் ஆகும்போதே கர்னல் பேனிக். ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்னோன் பிளாக் (0,0) என்று நிற்கிறது.

அடைப்புக்குள் இருக்கும் எண்தான் முக்கியம் சார். 0,0 என்றால் கர்னல், ரூட் (சிஸ்டம் முழுவதும் இருக்கும் பகுதி) உள்ள உங்கள் டிஸ்க்கையே பார்க்கவில்லை. 8 என்றோ 259 என்றோ தொடங்கியிருந்தால் டிஸ்க் தெரிந்திருக்கிறது, ஈஎக்ஸ்டி4 மாதிரி ஃபைல் சிஸ்டம்தான் விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். 0,0 வந்தால் முதலில் இந்தக் கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் வரும்வரை வேண்டிய டிரைவர்களை வைத்திருக்கும் ஃபைல்) உருவானதா என்று பூட் ஃபோல்டரில் பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் காரணம். அது இருந்தும் வரவில்லை என்றால் என்விஎம்இ (ஒரு வகை எஸ்எஸ்டி) டிரைவர் விடுபட்டிருக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்ததும் என்றால் விஎம்டி என்ற தேர்வையும் சேருங்கள். பயாஸில் விஎம்டி ஆனில் இருந்தால் டிஸ்க் அதன் பின்னால் இருக்கும், அந்த டிரைவர் இல்லாமல் என்விஎம்இ டிரைவர் இருந்தும் பயனில்லை. பழைய கர்னல் பூட் மெனுவில் இருக்கிறதுதானே?

திருவொற்றியூர்: என் லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. மாடல் பெயர் கீழே. எந்த டிரைவர்?

மாடல் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே மாடலில் ஒரு லாட்டுக்கு இன்டெல் கார்டும் அடுத்த லாட்டுக்கு ரியல்டெக் கார்டும் வரும். எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே சேர்த்துக் கொடுங்கள். நெட்வொர்க் வரியில் இரண்டு எண் வரும். முன்னது 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம். உதாரணமாக 10இசி:சி821 என்றால் ஆர்டிஎல்8821சிஇ. அதற்கு ஆர்டிடபிள்யூ88 டிரைவர் 5.9 முதல் கர்னலிலேயே இருக்கிறது, வெளியே தேட வேண்டாம்.

வேளச்சேரி: டிரைவர் ஏறுகிறது. ஆனால் ஃபர்ம்வேர் லோட் ஆகவில்லை, பிழை -2 என்று டிமெசேஜில் (கர்னல் செய்திப் பதிவில்) வருகிறது. ஃபைல் லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் இருக்கிறது, நானே கண்ணால் பார்த்தேன்!

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் நானே இதில் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள் ஏற்றும் சிறு மென்பொருள். -2 என்றால் அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று பொருள். ஃபைலின் பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். முடிவில் புள்ளி, இசட்எஸ்டி என்று இருக்கிறதா? இப்போது பல லினக்ஸ் வினியோகங்கள் (டிஸ்ட்ரோக்கள்) ஃபர்ம்வேரைச் சுருக்கித்தான் வைக்கின்றன. அவர்கள் தரும் கர்னலுக்கு அதைப் பிரிக்கத் தெரியும். நீங்கள் கட்டியதில் ஃபர்ம்வேர் லோடர் கம்ப்ரஸ் என்ற தேர்வு அணைந்திருந்தால், அது சுருக்காத பெயரை மட்டும் தேடும், கிடைக்காது, -2 சொல்லும். எக்ஸ்இசட் சுருக்கத்துக்கு ஆதரவு 5.3இல் வந்தது, இசட்எஸ்டிக்கு 5.19இல்தான். அதற்கு முந்தைய கர்னல் என்றால் ஃபைலைப் பிரித்து அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.

சிந்தாதிரிப்பேட்டை: ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டுயினோ போர்டு, சிஎச்340 சிப். மெனுகான்ஃபிக்கில் (கர்னல் தேர்வு மெனுவில்) 340 என்று தேடினால் எதுவும் இல்லை.

341 என்று தேடுங்கள், இரண்டுக்கும் ஒரே டிரைவர்தான். அதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். செருகியதும் டிமெசேஜில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் கர்னலைத் தொடவே வேண்டாம், அது சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள். 1ஏ86:7523 என்று எண் வந்தும் டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட் வராவிட்டால்தான் டிரைவர் பிரச்சினை. உபுண்டு 22.04இல் அந்த போர்ட் வந்த உடனே மறைந்தால், பிரெய்ல் கருவிக்கான பிஆர்எல்டிடிஒய் அதைப் பிடித்துக்கொள்கிறது.

ஆவடி: வைஃபை வரவில்லை மேடம்.

திருவொற்றியூருக்குச் சொன்னதைப் படியுங்கள். எண்ணோடு வாருங்கள்.

பல்லாவரம்: ஆண்ட்ராய்டு ஃபோனுக்குக் கர்னல் கட்டினேன், கேமரா போய்விட்டது.

அது என் துறை இல்லை. அந்தச் சிப் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

அண்ணா நகர்: இந்தத் தொல்லை எல்லாம் மாட்யூலால்தான். எல்லாவற்றுக்கும் ஒய் போட்டு உள்ளேயே சேர்த்துவிட்டால் தீர்ந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

வேளச்சேரி: தீராது சார். எனக்கு ஏஎம்டி கிராஃபிக்ஸ், ஒய் போட்டதும் திரை கறுத்துவிட்டது!

இருவரும் சண்டை போட வேண்டாம், இதில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. டிஸ்க் டிரைவரும் ரூட் ஃபைல் சிஸ்டமும் உள்ளேயே இருந்தால், ரூட்டை பார்ட்டிஷன் எண்ணாலோ பார்ட்யூயூஐடியாலோ (பார்ட்டிஷனின் தனி அடையாளம்) குறிப்பிட்டு, சாதாரண பார்ட்டிஷனில் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலே பூட் செய்யலாம். அதுவரை அண்ணா நகர் சொல்வது சரி. ஆனால் ஃபர்ம்வேர் கேட்கும் டிரைவர் வேறு ரகம். உள்ளே சேர்த்தால் அது ரூட் மவுண்ட் ஆவதற்கு முன்பே எழுந்து ஃபர்ம்வேரைக் கேட்கும். ஃபைல் இருப்பது ரூட்டில், ரூட் இன்னும் வரவில்லை, எங்கிருந்து எடுக்கும்? வேளச்சேரிக்குத் திரை கறுத்தது அதனால்தான். எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் தேர்வில் ஒவ்வொரு ஃபைல் பெயராக எழுதிக் கர்னலுக்குள்ளேயே வைக்கலாம், ஆனால் ஏஎம்டிக்கு அந்தப் பட்டியல் நீளம். எம் (மாட்யூல்) போட்டுவிடுங்கள், ரூட் வந்தபிறகு ஏறட்டும்.

இன்னொன்று. நீங்கள் ஒய் கேட்டாலும் சில இடத்தில் மெனு கொடுக்காது. வைஃபைக்கு அடித்தளமான சிஎஃப்ஜி80211 எம்மில் இருந்தால் இன்டெல் வைஃபை டிரைவரும் எம்மைத் தாண்டாது. ஒரு தேர்வு கண்ணிலேயே படவில்லை என்றால் சாய்கோட்டை அழுத்திப் பெயரைத் தேடுங்கள், 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியில் எது 'என்' (அணைந்தது) என்று நிற்கிறதோ அதை முதலில் திறங்கள்.

அண்ணா நகர்: சரி மேடம், கிராஃபிக்ஸை மட்டும் எம் ஆக்குகிறேன். மற்றதை மாற்ற மாட்டேன்.

தாராளமாக. ஒய் போட்ட வைஃபை டிரைவர் தடுமாறினால் மாட்யூலைப் போலக் கழற்றி மாட்டிப் பார்க்க முடியாது, பெரும்பாலும் ரீபூட்தான் செய்ய வேண்டும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாதவரம்: வைஃபை வரவில்லை.

எண்.

பெரம்பூர்: இடம் போதவில்லை என்று பழைய கர்னலை நீக்கிவிட்டேன். புதியது பூட் ஆகவில்லை.

இதற்காகத்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன். உங்கள் தரவு எதுவும் போகவில்லை, பயப்படாதீர்கள். லைவ் யூஎஸ்பியில் ஏறி, ரூட்டையும் பூட்டையும் மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஎச்ரூட் போட்டு (டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து), வினியோகத்தின் சொந்தக் கர்னலை மறுபடி நிறுவுங்கள். அது பூட் ஆனபிறகு புதியதைப் பார்க்கலாம்.

குரோம்பேட்டை: அக்கா, எல்லாம் செருகிப் பார்த்தேன், பென்டிரைவும் டெதரிங்கும் வந்துவிட்டது! ஆனால் இப்போது ஸ்பீக்கரில் சத்தம் இல்லை.

சந்தோஷம் தம்பி. கட்டளை கொடுக்கும்போது பழைய கர்னலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததா? டிமெசேஜில் எஸ்ஓஎஃப் (ஒரு ஆடியோ ஃபர்ம்வேர்) என்று தேடி, அந்த வரிகளையும் ஆடியோ எண்ணையும் அனுப்பு.