எந்த எண்ணெய் என்று கேட்பதற்கு முன்: பெண்களின் முடி உதிர்வு, கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி பக்கத்துப் பெண்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

எந்த எண்ணெய் தேய்க்கலாம் என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். முடி கொட்டுவது ஒரே நோய் இல்லை. எந்த வகை என்று தெரியாமல் எண்ணெய்க்குச் செலவழிப்பதைவிட முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தலையில் சுமார் 1,00,000 முடிகள் உண்டு. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லாருக்கும் இயல்பு. கவலைப்பட வேண்டியது அதற்கு மேல் போனால்தான்.

குடியாத்தம், 27 வயது: குழந்தை பிறந்து நாலு மாசம் ஆகுது டாக்டர். தலைக்குக் குளிச்சா கொத்து கொத்தா வருது. குழந்தை முகம் பார்த்துச் சிரிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்னு மாமியார் சொல்றாங்க. நிஜமா?

மாமியார் சொல்லும் காலக்கணக்கு சரி, காரணம்தான் வேறு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் கூடுதலாக இருப்பதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நிற்கும். பிரசவம் ஆனதும் ஹார்மோன் சட்டென்று இறங்கும். அந்த முடியெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தாற்போல் விழும். குழந்தை சிரிக்கத் தொடங்குவதும் அதே சமயம்தான். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். நெற்றியோரம் குட்டி முடிகள் குத்திட்டு நிற்கிறதா பாருங்கள். அது புதுசாக முளைப்பது. பிரசவத்துக்குப் பின் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். பத்தியம் என்று கீரையையும் முட்டையையும் ஒதுக்காதீர்கள். டெங்கு, டைபாய்டு, பெரிய ஆபரேஷன், திடீரென்று சாப்பாட்டைக் குறைத்து எடை இறக்குவது, இவற்றுக்குப் பிறகு கொட்டுவதும் இதே வகைதான். மூன்று மாதம் முன்னால் உடம்புக்கு என்ன நடந்தது என்று யோசித்தாலே பாதி விடை கிடைக்கும்.

ஆம்பூர், 34 வயது: ஷூ கம்பெனியில வேலை. ஒரு வருஷமா கொட்டுது. ரத்தம் 10.5னு சொன்னாங்க. கறிவேப்பிலை எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சும் நிக்கல.

அம்மா, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் பெண்களுக்கு ரத்தசோகை. இரும்பு போதாதபோது உடம்பு இதயத்தையும் மூளையையும்தான் முதலில் கவனிக்கும். முடி கடைசி வரிசை. எண்ணெய் முடியை மிருதுவாக்கும், ரத்தத்தில் இரும்பை ஏற்றாது.

ஃபெரிட்டின் என்ற பரிசோதனையும் செய்யுங்கள். அது உடம்பில் சேமித்து வைத்த இரும்பின் அளவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே கிடக்கும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். மாத்திரையை மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கம்பெனி கிளம்பும் அவசரத்தில் இட்லியோடு டீ குடித்து, அதே டீயில் மாத்திரையையும் விழுங்குகிறீர்களா? டீ இரும்பை உடம்பில் ஏறவிடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள்.

இன்னொன்று, கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டியது: மாதவிலக்கில் ஏழு நாளுக்கு மேல் போகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் மாத்திரை மட்டும் போட்டால் ஏறுவது ஏற, போவது போய்க்கொண்டே இருக்கும். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் சோதனையையும் சேர்த்துப் பாருங்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் சோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அது தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டிவிடும்.

ஆரணி, 42 வயது: கொத்தா எல்லாம் கொட்டல, ஆனா வகிடு அகலமாயிட்டே போகுது. முடி வளரத் தலையில தடவுற மினாக்ஸிடில் மருந்து போட்டேன், மூணாவது வாரம் இன்னும் அதிகமா கொட்டிச்சு, பயந்து நிறுத்திட்டேன்.

நிறுத்தியிருக்க வேண்டாம். உங்களுடையது பரம்பரை வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நெற்றி முடி அப்படியே இருக்கும், நடு வகிட்டில் முடி மெலிந்து தோல் தெரியும். மினாக்ஸிடில் ஆரம்பத்தில் பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடியை வளரவைப்பதால், முதல் இரண்டு மாதத்தில் சிலருக்குக் கூடுதலாகக் கொட்டும். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. நான்கு முதல் ஆறு மாதம் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும். நிறுத்தினால் வளர்ந்தது சில மாதங்களில் போய்விடும். இதை முதல் நாளே சொல்லாமல் பாட்டிலைக் கையில் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

படுப்பதற்கு வெகு நேரம் முன்பே போட்டுக் காயவிடுங்கள், கையைக் கழுவுங்கள். தலையணை வழியாகக் கன்னத்தில் பட்டால் அங்கேயும் பூனைமுடி வளரும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் போடக் கூடாது. வீட்டுக்காரரின் வழுக்கைக்கு எழுதிக்கொடுத்த ஃபினாஸ்டரைடு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பெண்களும் உண்டு. பிள்ளை பெறும் வயதில் அது கூடவே கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சியையே பாதிக்கும்.

காட்பாடி, 19 வயது: பீரியட்ஸ் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது மேடம். தாடையில முடி வளருது, தலையில கொட்டுது.

பிசிஓடி-யா, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லும் ஹார்மோன் கோளாறா என்று பார்க்க வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் பரிசோதனையும் ஸ்கேனும் செய்யுங்கள். எடை அதிகமென்றால் கொஞ்சம் குறைந்தாலே பீரியட்ஸ் சீராக வாய்ப்பு உண்டு. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே, கண்ணு.

ராணிப்பேட்டை: போர் தண்ணி ஒரே உப்பு. அதனாலதான் கொட்டுதா?

உப்புத் தண்ணீர் முடியை முரடாக்கி நடுவில் உடைக்கும், வேரிலிருந்து விழவைக்காது. விழுந்த முடியின் நுனியைப் பாருங்கள். வெள்ளையாகக் குட்டி முடிச்சு இருந்தால் வேரோடு வந்தது, இல்லையென்றால் உடைந்தது. கடைசியாக ஊற்றும் ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருந்தாலே முடியில் வித்தியாசம் தெரியும்.

சோளிங்கர்: பொண்ணுக்கு மொட்டை போட்டா அடர்த்தியா வளருமா?

வேண்டுதல் என்றால் தாராளமாகப் போடுங்கள். அடர்த்திக்காக வேண்டாம். வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை.

போளூர்: ஸ்கூலுக்கு இழுத்து ரெட்டை ஜடை போடுறோம். மகளுக்கு நெத்தியோரம் ஏறிக்கிட்டே போகுது.

இழுத்துக் கட்டுவதுதான் காரணம். இப்போதே தளர்த்தினால் திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டால் வேரே செத்துவிடும். பள்ளியில் கண்டிப்பு என்றால் டீச்சரிடம் நேரில் பேசுங்கள். தளரப் பின்னினாலும் அது ரெட்டை ஜடைதான்.

வாணியம்பாடி: எனக்கு ரூபாய் அளவுக்கு ஒரு இடத்துல புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்க்கலாமா?

எந்தப் புழுவும் வெட்டவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. சிறிய வட்டம் தானாகவே வளரலாம். பரவினால் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவோம். வெங்காயம், பூண்டு தேய்த்துத் தோல் வெந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

ஆற்காடு: அம்மாவுக்குக் கீமோ நடக்குது. முடி போனதுல ரொம்ப உடைஞ்சு போயிட்டாங்க.

முடிக்காக அழுவது சின்ன விஷயம் என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம். கீமோ தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும்; முடிந்து சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப முளைக்கும், முதலில் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ கூட வரலாம். அதுவரை பருத்தித் துணி கட்டலாம், விருப்பமிருந்தால் விக் வைக்கலாம். புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகை மருந்தும் கொடுக்காதீர்கள்.

வேலூர், 50 வயது: உச்சந்தலையில எரிச்சல், அரிப்பு. முடி போன இடம் வழவழன்னு பளபளப்பா இருக்கு.

இந்தக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. இது தழும்பாகும் வகையாக இருக்கலாம். அப்படியானால் வேர் அழிந்த இடத்தில் முடி திரும்ப வராது, மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். சின்னத் தோல் துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, உங்களுக்கு வசதியான தோல் மருத்துவரிடமோ இந்த வாரமே போங்கள். அன்றைக்குத் தலையில் எண்ணெயும் முடிச்சாயமும் வேண்டாம்.