செல் இறப்பு ஆய்வுக்கு ஜெர்மனி வருகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

வணக்கம் தம்பி. தரமணியில் பிஎச்.டி. முடித்தாயிற்று, புற்றுநோய்ச் செல்களின் இறப்பை ஆராயும் ஜெர்மன் லேப் ஒன்றில் இரண்டு வருட போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு வேலை) கிடைத்திருக்கிறது, என்ன எடுத்து வர வேண்டும், முதல் வருடத்தில் எங்கே சறுக்கும் என்று கேட்டிருந்தீர்கள். குளிர் உடுப்பை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். தேதிகளை மட்டும் சென்னையிலேயே சரி செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

வைவா (பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு) முடிந்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் போஸ்ட்டாக் உதவித்தொகைக்கு பிஎச்.டி. முடித்து 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி உதவித்தொகைக்கு 8 ஆண்டு. பலர் கோட்டை விடுவது மேரி கியூரியின் இன்னொரு விதியில். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் ஜெர்மனியில் வசித்திருந்தால், ஜெர்மன் லேபுக்காக அதைக் கேட்க முடியாது. கடைசி நாள் வழக்கமாக செப்டம்பரில் வரும். ஜூலையில் வந்து இறங்கினால் அந்த செப்டம்பருக்குள் நல்ல திட்டம் எழுதி முடிக்க முடியாது. அடுத்த செப்டம்பருக்குள் 14 மாதம் ஆகிவிடும். அக்டோபரில் சேர்ந்தால் அடுத்த வாய்ப்பு கையில் இருக்கும். லேபில் கேட்டால் சேரும் தேதியைப் பெரும்பாலும் தள்ளித் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கான்வொகேஷன் வரை காத்திருக்காமல் ப்ரொவிஷனல் சான்றிதழும், வைவா தேதி போட்ட கடிதமும் வாங்கிவிடுங்கள். முன்பு திட்ட உதவியாளராக வேலை பார்த்திருந்தால் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, முழுநேரம், செய்த வேலை எல்லாம் எழுதிய அனுபவச் சான்றும் வேண்டும். அந்த அனுபவத்தை வைத்துச் சம்பளப் படிநிலையைச் சேரும்போதே முடிவு செய்துவிடுவார்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு. வந்து வீடு எடுத்த 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை.

இனி லேப். க்ரூப் மீட்டிங்கில் எம்.டி.டி. என்ற நிறச் சோதனையின் வரைபடம் ஒன்றை மட்டும் காட்டி ‘செல் செத்தது’ என்றால் நிற்காது. எம்.டி.டி. அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. செல் பெருகாமல் நின்றாலும் எண் குறையும். அனெக்சின் வி (சாகத் தொடங்கிய செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டுவது), பிஐ (சவ்வு கிழிந்த செல்லுக்குள் நுழையும் சாயம்) இரண்டும் போட்டுத்தான் பேச வேண்டும், அங்கேயும் கைத்தவறு நிறைய நடக்கும். சாகும் செல் தட்டை விட்டுக் கழன்று மிதக்கும். பழைய மீடியத்தை உறிஞ்சிக் கொட்டினால் நீங்கள் எண்ண வேண்டியதே கழிவில் போய்விடும். அதையும் கழுவிய பஃபரையும் அதே ட்யூபில் சேர்த்துச் சுழற்றுங்கள். அனெக்சின் ஒட்டக் கால்சியம் வேண்டும், செல்லைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சினோடு வரும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நன்றாகக் கழுவி, 2.5 மில்லிமோலார் கால்சியம் உள்ள பைண்டிங் பஃபரில் இருட்டில் 15 நிமிடம் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டிவிடுங்கள்.

மருந்து போட்டு 24 மணி நேரத்தில் ஒரே முறை பார்த்துவிட்டு நெக்ரோசிஸ் (சேதப்பட்டுச் சவ்வு கிழிந்து சாவது) என்று எழுதாதீர்கள். உடலில் செத்த செல்லை மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல் விழுங்கிவிடும். தட்டில் அது கிடையாது; அப்போப்டோசிஸில் (செல் தானே திட்டமிட்டுச் சாகும் வழியில்) செத்த செல்லும் போகப் போகச் சவ்வு கிழிந்து பிஐயை உள்ளே விட்டுவிடும். 4, 8, 16, 24 மணி என்று பார்த்தால்தான் எது முதலில் நடந்தது என்று தெரியும். எந்த வழியில் சாகிறது என்பதற்குத் தடுப்பான்கள் போட்டுப் பாருங்கள்: அப்போப்டோசிஸுக்கு இசட்-வேட் 20 மைக்ரோமோலார், நெக்ரோப்டோசிஸுக்கு (நெக்ரோசிஸ் போலத் தெரியும் திட்டமிட்ட இறப்பு) நெக்ரோஸ்டாடின்-1எஸ் 10 மைக்ரோமோலார், ஃபெரோப்டோசிஸுக்கு (இரும்பைச் சார்ந்த இறப்பு) ஃபெரோஸ்டாடின்-1 ஒரு மைக்ரோமோலார். இவை தொடக்க அளவுகள்தான், உங்கள் செல்லில் சரிபார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட வெல் (குழி) எல்லாத் தட்டிலும் இருக்கட்டும்.

செல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் மாதக்கணக்கில் நேரம் போகும். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் அப்போப்டோசிஸை நடத்தும் கேஸ்பேஸ்-3 நொதி இல்லை, ஆகவே மருந்து எவ்வளவு வேலை செய்தாலும் வெட்டுப்பட்ட கேஸ்பேஸ்-3 பட்டை வெஸ்டர்னில் (புரதத்தை ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) வராது. ஆன்டிபாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹீலா என்ற கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் செல்லில் நெக்ரோப்டோசிஸுக்குத் தேவையான ஆர்ஐபிகே3 புரதம் இல்லை, நெக்ரோப்டோசிஸ் தேடினால் எச்டி-29 என்ற பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லை எடுங்கள்.

கைடு தந்த செல்லைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வராதீர்கள். இரண்டு நிறுவனமும் கையெழுத்திடும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள், உலர்பனியில் கூரியர் வரட்டும். வந்ததும் மைக்கோபிளாஸ்மா (செல்லில் தொற்றும் பாக்டீரியா) சோதனையும், எந்தச் செல் என்று டிஎன்ஏவால் உறுதி செய்யும் எஸ்டிஆர் பரிசோதனையும் முடியும்வரை அதைத் தனி இன்குபேட்டரில் வளர்த்து வாருங்கள்.