மூன்று நிமிடக் கடிகாரம் எதற்கு?

கேள்வி: அண்ணா, நானும் நண்பனும் சேர்ந்து ஒரு ரோக்லைக் கேம் (குகையில் தளம் தளமாக இறங்கும், செத்தால் முதலிலிருந்து ஆட வேண்டிய வகை) செய்கிறோம். நாம் ஓர் அடி வைத்தால் எதிரி ஓர் அடி வைப்பான். ஆடிப் பார்த்தவர்கள் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூலையில் நின்று, உயிர் முழுசாக ஏறும்வரை காத்திருக்கிறார்கள். போரடிக்கிறது என்றும் அவர்களே சொல்கிறார்கள். அதனால் ஒரு தளத்துக்கு மூன்று நிமிடம் என்று கடிகாரம் வைத்தோம். இப்போது பதறி, தப்பாக ஆடி, செத்துப்போய்க் கேமையே மூடிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
- கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: முதலில் அந்தக் கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள், தம்பி. முறை வைத்து ஆடும் கேமில் யோசிக்கிற நேரத்துக்குக் காசில்லை. உயிர் இரண்டே புள்ளி, கையில் என்னவென்று தெரியாத ஒரு மருந்துக் குப்பி, எதிரே ஓநாய். அங்கே ஐந்து நிமிடம் தலையைச் சொறிந்துகொண்டு உட்காரும் சுகத்துக்குத்தான் ஆளே வருகிறார். நீங்கள் வினாடியை எண்ணி அதைப் பிடுங்கிவிட்டீர்கள். அடிகளை எண்ணுங்கள்.

1980-இல் வந்த ரோக் என்ற கேமிலேயே இதற்கு வழி உண்டு: பசி. நெட்ஹேக் என்ற கேமில் வயிறு 900-இல் தொடங்கும், சாதாரணமாக முறைக்கு ஒன்று குறையும், 150-க்குக் கீழே போனால் பசிக்கிறது என்று திரையில் காட்டும். நீங்கள் டீ குடிக்க எழுந்து போனால் ஒன்றும் குறையாது. மூலையில் நின்று உயிர் ஏற்றினால் குறையும்.

இதை எனக்குப் புரிய வைத்தது என் தங்கச்சி. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி, மே மாதம், கரண்ட் இல்லை. கட்டம் போட்ட நோட்டில் குகை வரைந்து, பகடை உருட்டி ஆடினோம். அவள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. "உட்கார்ந்தா உயிர் ஏறுதில்ல, அப்புறம் இன்னாத்துக்குண்ணா எழுந்து போவணும்?" அவள்மேல் தப்பே இல்லை. காத்திருப்பதுதான் லாபம் என்று விதி எழுதியவன் நான்.

சரி என்று இருபது புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தேன். பத்து அடிக்கு ஒன்று போகும், உட்கார்ந்தாலும் போகும். மூன்றாம் தளத்தில் பட்டினியால் செத்தாள். பாதி அறையைப் பார்க்கவே இல்லை என்று கோபம். மறுநாள் கொட்டைகளை அறைகளிலும் போட்டு வைத்தேன்: ஒரு தளத்தை முழுசாகச் சுற்றினாலும் ஏழெட்டு மிஞ்சும், சும்மா உட்கார்ந்தால் மிஞ்சாது. அப்போதுதான் உள்ளங்கையை விரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, உட்காரலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தாள். புரோக் என்ற கேமும் இப்படித்தான்; ஆழம் போகப்போக வேண்டிய அளவு சாப்பாடு கட்டாயம் கிடைக்கும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் பசியால் யாருமே சாகாமல், சாப்பாட்டு மூட்டையைச் சுமப்பது மட்டும் மிச்சமானால் அதுவும் வெறும் வேலைதான். டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப் என்ற கேமில், 2021-இல் வந்த 0.26 பதிப்போடு பசியையே எடுத்துவிட்டார்கள். நிரல் எழுதும் முன் நீங்களும் ஒரு கைப்பிடி கொட்டையோடு நண்பர்களை உட்கார வையுங்கள். எத்தனை மிஞ்சுகிறது என்று தளத்துக்குத் தளம் குறித்துக்கொள்ளுங்கள். சண்டைக்குப் பிறகு உயிரைத் தானாகவே நிரப்பிவிடலாமா என்றும் ஒருமுறை சோதியுங்கள். உங்கள் கேமுக்கு அதுவே போதுமாக இருக்கலாம்.

கேள்வி: ஸ்பெலங்கி என்ற கேமில் பேய் வந்து துரத்துவது அநியாயம் இல்லையா?
- வாசகி, ஆம்பூர்

பதில்: இல்லை. அது ஓடிக்கொண்டே ஆடுவது, அங்கே வினாடியை எண்ணுவதுதான் சரி. 2012-இல் வந்த பதிப்பில் ஒரு தளத்தில் இரண்டரை நிமிடம் தங்கினால் பேய் வரும். சுவர் அதைத் தடுக்காது, தொட்டால் சாவு. ஆனால் அது மெதுவாகத்தான் வரும், ரத்தினக் கல்லைக் கடந்து போனால் கல் வைரமாகும். அதற்காகவே பேயை வரவைத்து, கல் கிடக்கிற பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் ஆடுவேன். கடைசிக் கல் மாறுவதற்குள் உள்ளங்கை வியர்த்துவிடும்.